பேனல் வேலை பார்க்கும் தோழர்களுக்கு: கண்ணாடிக்குள் இருக்கும் வெட்டு

ரிச்சி தெருவிலும், மதுரை, கோவை, திருச்சிக் கடைவீதிகளிலும் டி.வி. பேனல் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,



ஒரு டி.வி. மேஜைக்கு வந்தால் நீங்கள் போகும் வழி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பேக்லைட் எரிகிறதா, டி-கானுக்கு சப்ளை வருகிறதா, வி.ஜி.எச். எவ்வளவு, வி.ஜி.எல். எவ்வளவு, வி-காம் எங்கே நிற்கிறது. மீட்டர் பேசி முடித்ததும் டேப் பக்கம் திரும்புவீர்கள். அழுத்திப் பார்த்து, பாண்டிங் மெஷினில் ஏற்றி, அதற்கும் மசியாவிட்டால் "கிளாஸ் போயிடுச்சுங்க" என்று சொல்லிப் பேனலைச் சுவரோரம் சாய்த்துவிடுவீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. போர்டுக்கு சர்க்யூட் டயகிராம் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். கண்ணாடிக்குள் என்ன வரைந்திருக்கிறது என்பதை எந்த சர்வீஸ் மேனுவலும் காட்டாது.

அந்த வரைபடத்தின் ஒரே ஒரு பகுதியைப் பற்றி எழுதுகிறேன். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளி ஊடுருவும் மின்முனை ஒன்று உண்டு, பிக்சல் எலெக்ட்ரோடு. அது எந்த வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். உங்களிடம் வரும் புகார்களில் ஒரு பங்கு இந்த வெட்டிலிருந்து பிறக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், எந்த வேலையை எடுக்கலாம், எதைத் தொடாமலே திருப்பி அனுப்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

முதலில் அளவு. 55 அங்குல 4கே டி.வி.யில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.32 மில்லிமீட்டர். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 105 மைக்ரான் சொச்சம். இந்தக் கட்டத்துக்குள் இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐ.டி.ஓ., படலமாகப் பூசப்பட்டிருக்கிறது. அதன் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அல்லது அதற்கும் கீழே. மூலையில் ஒரு டிரான்சிஸ்டர். கேட் கோட்டில் வி.ஜி.எச். ஏறும்போது அது திறக்கிறது, சோர்ஸ் கோட்டின் வோல்டேஜ் ஐ.டி.ஓ.வுக்குள் இறங்குகிறது, பிறகு மூடிக்கொள்கிறது. 2160 வரிகளை நொடிக்கு 60 தடவை எழுத வேண்டுமென்றால் ஒரு வரிக்குக் கிடைப்பது 8 மைக்ரோ செகண்டுக்கும் குறைவு. அடுத்த முறை வரும்வரை, கிட்டத்தட்ட 16 மில்லி செகண்டு, வாங்கிய வோல்டேஜைச் சிந்தாமல் வைத்திருக்க வேண்டும். அதற்காகவே பக்கத்தில் ஒரு சேமிப்பு கெபாசிட்டர்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தினமும் நீங்கள் அதை அளக்கிறீர்கள். வி-காம் ஏன் ஏ.வி.டி.டி.யின் சரிபாதியில் நிற்காமல் சற்றுக் கீழே நிற்கிறது? திரவப் படிக மூலக்கூறுக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. அதைத் திருப்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு ஃப்ரேமுக்குப் பிளஸ், அடுத்ததற்கு மைனஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். ஒரே திசையில் ஓட்டினால் உள்ளே இருக்கும் அயனிகள் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கேட் மூடும்போது, அதன் வோல்டேஜ் முப்பது வோல்ட்டுக்கு மேல் ஒரே வீச்சில் கீழே விழுகிறது. டிரான்சிஸ்டருக்குள் கேட்டுக்கும் பிக்சலுக்கும் இடையே இருக்கும் சின்னஞ்சிறு கெபாசிட்டன்ஸ், அந்த வீழ்ச்சியோடு பிக்சல் வோல்டேஜையும் கொஞ்சம் கீழே இழுத்துவிடுகிறது. பிளஸ் ஃப்ரேமானாலும் மைனஸ் ஃப்ரேமானாலும் இழுப்பு கீழ்நோக்கித்தான். ஆகவே நடுக்கோடான வி-காமும் அதே அளவு இறங்கி நின்றாக வேண்டும். இறங்காவிட்டால் இரண்டு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வேறாகி நொடிக்கு 30 தடவை துடிக்கும். துடிப்பைக் கண் கவனிக்காவிட்டாலும் டி.சி. தேங்கும். சேனல் லோகோ திரையில் பேயாக ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எவ்வளவு இழுக்கும் என்பது அந்தச் சின்னக் கெபாசிட்டன்ஸுக்கும் பிக்சலின் மொத்தக் கெபாசிட்டன்ஸுக்கும் உள்ள விகிதம். மொத்தத்தைத் தீர்மானிப்பது மின்முனையின் வடிவம். வேறு மாடலின் டி-கானைப் போட்டு ஓட்டும்போது படம் வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளாமல், வி-காமைத் திரும்பப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி வடிவங்களுக்கு வருவோம்.

பழைய மானிட்டர்களின் டி.என். வகையில் சொல்ல அதிகமில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹோஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் 1970 டிசம்பரில் காப்புரிமைக்கு எழுதிப்போட்ட அமைப்பு அது. பிக்சல் மின்முனை வெறும் செவ்வகம். எதிர்க் கண்ணாடி முழுக்க வி-காம். வோல்டேஜ் கொடுத்தால் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும். ஒரே பக்கம் என்பதுதான் வினை. கீழிருந்து பார்த்தால் முகம் நெகட்டிவ் ஃபிலிம் போலக் கறுத்துத் தெரிவது அதனால்தான்.

அதற்கு மருந்தாக 1990களின் நடுவில் ஃபுஜி நிறுவனம் ஒரு ஃபிலிம் கொண்டுவந்தது. தட்டு வடிவ மூலக்கூறுகள் கொண்ட ஃபிலிம். அப்படிப்பட்ட தட்டு மூலக்கூறுகளும் திரவப் படிகமாக இருக்க முடியும் என்று 1977இல் முதன்முதலில் காட்டியவர்கள் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய கூட்டாளிகளும். சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். பழைய டி.என். மானிட்டருக்குப் போலரைசர் ஷீட் மாற்றியபின் "பக்கவாட்டில் முன்னைவிட மோசமாகத் தெரியுதே" என்று யாராவது திரும்பி வந்திருந்தால் காரணம் இங்கே இருக்கலாம். உரித்துப் போட்ட ஷீட்டோடு அந்த ஃபிலிமும் சேர்ந்தே குப்பைக்குப் போயிருக்கும். கடையில் வாங்கி ஒட்டிய சாதா ஷீட்டில் அது இருக்காது.

பெரிய டி.வி.களில் மிகுதியாக வருவது வி.ஏ. வகை. இதில் வோல்டேஜ் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. கறுப்பு அருமையாக வருவது அதனால். வோல்டேஜ் வந்தால் படுக்க வேண்டும். எந்தப் பக்கம் படுப்பது? மின்முனை வெட்டில்லாத செவ்வகமாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து படம் கந்தலாகிவிடும். ஃபுஜிட்சு 1997இல் கண்ணாடியின்மேல் சிறு மேடுகளைக் கட்டி வழிகாட்டியது. சாம்சங் மேடு கட்டாமல் ஐ.டி.ஓ.வையே கீறிவிட்டது. கீறலின் ஓரத்தில் மின்புலம் சரிந்து நிற்கும். அந்தச் சரிவு மூலக்கூறுக்குத் திசை சொல்கிறது. இப்போது வரும் பல பேனல்களில் இதுவும் மாறி, மின்முனை மீன்முள் போல இருக்கிறது: நடுவில் சிலுவையாக ஒரு தண்டு, அதிலிருந்து நான்கு கால்பகுதிக்கும் 45 பாகைச் சாய்வில் மெல்லிய கிளைகள். கிளையும் இடைவெளியும் மூன்று மைக்ரான் அளவில். நான்கு கால்பகுதியிலும் மூலக்கூறுகள் நான்கு பக்கம் படுப்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். நான்கும் சந்திக்கும் தண்டின்மேல் எந்தத் திசையும் செல்லாது. அங்கே இருட்டுச் சிலுவை விழும். அதைக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. சில வி.ஏ. பேனல்களில் ஒரு நிறக் கட்டத்தையே இரண்டு மின்முனைகளாகப் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு வோல்டேஜ் கொடுப்பார்கள். மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு பாதி மட்டும் எரியும், மறுபாதி இருட்டாகவே இருக்கும். பக்கவாட்டில் முகம் வெளிறிப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. லென்ஸ் வைத்துப் பார்த்து 'பாதி பிக்சல் செத்துடுச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன் சாம்பலை ஏற்றி, முழு வெள்ளை கொடுத்துப் பாருங்கள். இரண்டும் எரிந்தால் பேனல் நல்லபடியாக இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அடுத்தது.

இரண்டு மின்முனைகளையும் ஒரே கண்ணாடியில் சீப்புப் பற்களைப் போல எதிரும் புதிருமாகப் பதித்தால், மின்புலம் மேலும் கீழுமாக ஓடாமல் கண்ணாடிக்கு இணையாக ஓடும். மூலக்கூறுகள் எழுந்திருக்காமல், படுத்த நிலையிலேயே திரும்பும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் படம் அதிகம் மாறாது. ரிச்சர்ட் சோரெஃப் என்ற அமெரிக்கர் 1974இலேயே இப்படிப்பட்ட மின்முனைகளை வைத்துச் சோதனை செய்து எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குந்தர் பாவர் குழு 1990 வாக்கில் அதைத் திரையாக்கும் வழியைச் சொன்னது. ஜப்பானின் ஹிட்டாச்சி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுதான் ஐ.பி.எஸ்.

ஆனால் ஹிட்டாச்சியின் முதல் பேனல்களில் இரண்டு தொல்லைகள். ஒன்று, மூலக்கூறுகள் எல்லாம் ஒரே சுற்றில் திரும்பியதால் ஒரு மூலையிலிருந்து பார்த்தால் வெள்ளை மஞ்சளாகவும் மற்றொரு மூலையிலிருந்து நீலமாகவும் தெரிந்தது. இதற்குக் கண்ட தீர்வு வெறும் வரைகலை வேலை: நேராக இருந்த சீப்புப் பல்லை நடுவில் மடக்கினார்கள். மேல்பாதி வலமாகச் சுற்ற, கீழ்பாதி இடமாகச் சுற்ற, மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இன்று ஐ.பி.எஸ். பேனலை லென்ஸில் பார்த்தால் அம்புமுனைகளை அடுக்கினாற்போல் தெரியும் வளைவு அங்கே தொடங்கியது. புதிதாக எந்தப் பொருளையும் சேர்க்கவில்லை, ஒரு திருப்பம் மட்டும்.

இரண்டாவது தொல்லை பெரிது. பல்லின் நேர்மேலே மின்புலம் கிடையாக இல்லை, செங்குத்தாக நிற்கிறது. அங்கிருக்கும் மூலக்கூறுகள் திரும்பவில்லை. பல் ஒவ்வொன்றும் கறுப்புப் பட்டையாக நின்று வெளிச்சத்தை விழுங்கியது. ஏற்கெனவே ஓர் எல்.சி.டி. பேனல், பேக்லைட் தருவதில் நூற்றுக்குப் பத்தைக்கூட வெளியே விடுவது அரிது. போலரைசரில் பாதிக்கு மேல் போகிறது, கலர் ஃபில்டரில் மிஞ்சியதில் மூன்றில் இரண்டு போகிறது. அதிலும் பட்டை விழுந்தால் மடிக்கணினியின் பேட்டரி என்னாவது?

கொரியாவில் ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸில் இருந்த லீ சுங்-ஹீ 1996இல் இதை வேறு விதமாக வெட்டிப் பார்த்தார். கீழே ஐ.டி.ஓ. தகடாக வி-காம். அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் கீழான மெல்லிய காப்புப் படலம். அதன்மேல் கீற்றுக் கீற்றாக வெட்டிய பிக்சல் ஐ.டி.ஓ. இரண்டு மின்முனைகளுக்கும் பக்கவாட்டு இடைவெளி பூஜ்யம். கீற்றின் விளிம்பிலிருந்து கிளம்பும் மின்புலக் கோடுகள் சிறு வில்லாக வளைந்து அடுத்த கணமே கீழ்த் தகட்டில் இறங்கிவிடுகின்றன. விளிம்புப் புலம், எஃப்.எஃப்.எஸ். இப்போது விளிம்பருகே இருக்கும் மூலக்கூறுகள் நன்றாகத் திரும்புகின்றன. மின்முனையின் நடுமேலே இருப்பவை? அங்கே திருப்பும் புலம் குறைவுதான். ஆனால் திரவப் படிகத்தில் ஒரு மூலக்கூறு தன் அண்டையில் இருப்பதை விட்டு விலகித் தனியே நிற்காது. தேர் வடத்தில் நெரிசலுக்குள் மாட்டியவர் தான் இழுக்காவிட்டாலும் கூட்டத்தோடு நடந்துவிடுவதைப் போல, நடுவிலிருப்பவையும் இரு பக்கத்து இழுப்பில் திரும்பிவிடுகின்றன. கீற்று மூன்று நான்கு மைக்ரானுக்குள் இருந்தால்தான் இது நடக்கும். அகலமாக வெட்டினால் நடு இழுப்பு எட்டாது, பட்டை மறுபடி வந்துவிடும். கறுப்புப் பட்டை மறைந்தது, மின்முனையே ஒளி விடும் இடமாக ஆனது.

இன்னொரு லாபமும் கிடைத்தது. இரண்டு ஐ.டி.ஓ. தகடுகள் நடுவில் மெல்லிய காப்பு என்றால் அதுவே ஒரு கெபாசிட்டர். சேமிப்பு கெபாசிட்டருக்கென்று வெளிச்சத்தை மறைக்கும் உலோகத் துண்டு வைக்க வேண்டியதில்லை. செல்போன் திரை போன்ற சிறிய கட்டங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பெரிய டி.வி.க்கு இதுவே சுமை. கெபாசிட்டன்ஸ் அளவுக்கு மீறிப் பெருத்தால் அந்த 8 மைக்ரோ செகண்டுக்குள் டிரான்சிஸ்டரால் நிரப்பி முடிக்க இயலாது.

ஹூண்டாயின் அந்தப் பிரிவை 2003இல் சீனாவின் பி.ஓ.இ. வாங்கிக்கொண்டது. பி.ஓ.இ. பேனல் விவரங்களில் ஏ.டி.எஸ். என்று நீங்கள் பார்ப்பது இதே குடும்பம். சாம்சங் பி.எல்.எஸ். என்றதும் ஏறக்குறைய இதுதான். ஷோரூமில் 'ஐ.பி.எஸ்.' என்று சொல்லி விற்கும் போன், டேப்லெட் திரைகளில் பெரும்பாலானவை சீப்பு வகை அல்ல, இந்த விளிம்பு வகை. பெயர்ப் பலகையை வைத்து ஏமாற வேண்டாம்.

விளிம்பு வகையில் உங்கள் கை நேரடியாகப் படும் இடம் ஒன்று இருக்கிறது. இதை எல்லாரிடமும் சொல்லுங்கள். டி.என்., வி.ஏ. பேனல்களில் மேல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வி-காம் தகடு இருக்கிறது. ஓரங்களில் கடத்தும் புள்ளிகள் வழியாக அதற்கு வோல்டேஜ் ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் ஸ்டாட்டிக்கை அந்தத் தகடு தடுத்துவிடும். ஐ.பி.எஸ்., எஃப்.எஃப்.எஸ். பேனலில் மேல் கண்ணாடியின் உள்ளே அந்தத் தகடு கிடையாது. அதற்குப் பதிலாகப் பல பேனல்களில் மேல் கண்ணாடியின் வெளிப்பக்கம், போலரைசருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கடத்தும் பூச்சு ஒன்றைப் பூசி, ஓரத்தில் வெள்ளிப் பசை வைத்துத் தரையோடு இணைத்திருப்பார்கள். போலரைசரை உரித்துப் பிளேடால் பசையைச் சுரண்டும்போது அந்தப் பூச்சும் வெள்ளிப் பசையும் போய்விட்டால், துணியால் துடைத்த இடமெல்லாம் சார்ஜ் ஏறும். அந்தச் சார்ஜ் செங்குத்தாக ஒரு புலத்தை உண்டாக்கும். மூலக்கூறுகள் குழம்பி, வெண்மையான திட்டுக்கள் தோன்றி மெதுவாகக் கலையும். போர்டில் எதை மாற்றினாலும் இது தீராது. ஐ.பி.எஸ். பேனலில் பிளேடு எடுக்காதீர்கள். பசையைக் கரைப்பானால் ஊறவைத்துத் துணியால் எடுங்கள். ஓரத்து வெள்ளிப் புள்ளியை மட்டும் மறக்காமல் தொடாமல் விட்டுவிடுங்கள்.

விரலால் அழுத்தினால் கறை நின்றுவிடுகிறது என்ற புகாருக்கும் வெட்டுதான் பதில் சொல்லும். கீற்றின் இரண்டு நுனியிலும் மின்புலம் வேறு திசையில் திரும்புகிறது. அங்கே மூலக்கூறுகள் எதிர்ச்சுற்றாகச் சுழன்று சின்ன இருட்டுக் கோடு உண்டாகும். அழுத்தினால் அந்தக் கோடு நுனியிலிருந்து நடுவுக்கு ஊர்ந்து வந்துவிடும். நல்ல வரைவாளர்கள் கீற்றின் நுனியை மட்டும் இன்னும் கூராக மடக்கிக் கொக்கி வைத்து அந்தக் கோட்டை அங்கேயே கட்டிப்போடுவார்கள். லென்ஸில் கீற்றின் முனையில் கொக்கி தெரிந்தால், வரைந்தவருக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்களால் ஒன்றும் செய்ய முடியாத கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீணாக நேரம் போக வேண்டாம். சாம்பல் நிறத்தில் மட்டும் தெரியும், வெள்ளையிலும் கறுப்பிலும் மறைந்துவிடும், விளிம்பு நேராக வெட்டினாற்போல் இருக்கும் பட்டை. பெரிய கண்ணாடியை ஒரே மூச்சில் ஒளிபாய்ச்சி அச்சிட முடியாது. பல லென்ஸ்களால் பக்கம் பக்கமாக அச்சிடுவார்கள். ஒரு லென்ஸ் போட்ட கீற்றுக்கும் அடுத்த லென்ஸ் போட்ட கீற்றுக்கும் ஒரு மைக்ரானில் சில பங்கு அகலம் மாறினாலே போதும், நடுத்தர வெளிச்சத்தில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். டேப் மாற்றிப் பயனில்லை. அதற்காக வாடிக்கையாளரிடம் காசு வாங்குவதும் சரியில்லை.

இதையெல்லாம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பாண்டிங் மெஷினில் டேப் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் மைக்ராஸ்கோப்பே போதும். அது இல்லாத கடையில், போன் கேமராமேல் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். ஐ.டி.ஓ. தனியாகத் தெரியாது, அது ஒளி ஊடுருவும் பொருள். பேனல் எரிந்துகொண்டிருக்கும்போது நடுச் சாம்பல் கொடுத்துப் பாருங்கள். மூலக்கூறுகளின் போக்கே மின்முனையின் வெட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்புமுனை அடுக்கு என்றால் பெரும்பாலும் ஐ.பி.எஸ். குடும்பம். செவ்வகமும் சிலுவையும் என்றால் வி.ஏ. எந்தக் கோடும் இல்லாத சாதாக் கட்டம் என்றால் டி.என். ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கிராப்புக்குப் போக இருக்கும் பேனல்களில், டேப் உயிரோடு இருக்கும் இரண்டு மூன்றை எடுத்து வைத்து இதைச் செய்துபாருங்கள். போட்டோ எடுத்து மாடல் நம்பரோடு கடையில் ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். பேனல் செய்யும் நிறுவனங்கள் இந்தப் படங்களை நமக்குத் தரப்போவதில்லை. போலரைசர் வேலைக்கு வரும் டி.வி.யின் பில்லில் மாடலுக்குப் பக்கத்தில் 'ஐ.பி.எஸ்.' அல்லது 'வி.ஏ.' என்று லென்ஸில் பார்த்ததை எழுதிவிடுங்கள். ஷீட்டை உரிக்கப் போகும் பையன் பிளேடை எடுப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டு எடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தெருவுக்கு அடிக்கடி வருகிற ஒருவன்